பேர் எழுதிய மேசை

கிறிஸ்துமஸ் விருந்து மேசைக்காகப் பிரெசில்லா காலையிலிருந்து பனை ஓலையில் நட்சத்திரமும் கிண்ணமுமாக முடைந்துகொண்டிருந்தாள். விருந்தாளிகளின் பெயர்களை ஆளுக்கொரு ஓலைத்துண்டில் எழுதி வைத்தான் கணவன் சகாயவினோத். உழைப்பில் அவன் பங்கு அவ்வளவுதான்.

“எம் பேரு எங்கங்க?”

“நீயும் ஒக்காந்துட்டா யாரு பரிமாறுறது?”

“அதுவுஞ் சரிதான். இன்னுங் கொஞ்சம் ஓலை கிழிச்சுத் தாங்க. ஒரு உருப்படி பாக்கியிருக்கு.”

ராமநாதபுரத்திலிருந்து பாம்பனுக்கு வந்திருந்த அவனுடைய ஆபீஸ் நண்பர்கள் மேசையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள்.

“எல்லாம் நம்ம கைவேலைதான். கடையில வாங்கி வைக்கிறதுல என்ன இருக்கு?” என்று கூச்சமே இல்லாமல் சொன்னான் சகாயவினோத். “ஏ பிரெசில்லா, மீனைக் கொண்டா!”

அவள் ஒரு பெரிய தட்டை மூடிக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். அவனே பெருமையாக மூடியைத் தூக்கினான்.

செதிலும் வாலுமாக அச்சு அசலாக ஒரு மீன் கிடந்தது. முழுக்கப் பனை ஓலை.

“என்னடி இது?”

“நம்ம கைவேலைதான். நெச மீனு அடுப்படியில இருக்கு” என்றாள் பிரெசில்லா. “ஆனா அங்கன எம் பேரு மட்டுந்தான் எழுதி வச்சிருக்கேன்.”