வெளிச்சம் புகாத துணி

"இதைவிடத் தடியான துணி இல்லையா?"

"இதைவிடத் தடியா வேணும்னா மெத்தையைத்தான் தொங்கவிடணும் சேச்சி" என்றார் கர்ட்டன் கடை பைஜு.

ஷைலஜா சிரிக்கவில்லை. மாதிரித் துணியை ஜன்னலில் அழுத்திப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். படுக்கையறைக்குப் பூப்போட்டது, சாப்பிடும் இடத்துக்குக் கறை தெரியாத காப்பிக் கலர் என்று மற்றதெல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. ஹால் ஜன்னலில்தான் வண்டி நின்றுபோனது.

"எடி ஷைலே, கர்க்கடக மாச மழையில ஏற்கெனவே வீடு இருட்டா கிடக்கு" என்றார் அவள் கணவர் சதானந்தன். "இதையும் மாட்டினா பகல்லயே டார்ச் எடுத்துட்டுதான் பேப்பர் படிக்கணும். மெல்லிசா, வலை மாதிரி ஒண்ணு போட்டா என்ன?"

"வலையா? எதிர் பிளாட்டுக்காரிக்கு அது போதுமே!"

வைட்டிலாவில் அந்தக் குடியிருப்புக்கு அவர்கள் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஹால் ஜன்னலுக்கு நேர் எதிரே, அடுத்த பிளாக்கில், கொசுவலை அடித்த ஒரு ஜன்னல். எப்போது பார்த்தாலும் அந்த வலைக்குப் பின்னால் ஓர் உருவம். அது அம்பிளியின் வீடு.

"பார்த்தா பார்த்துட்டுப் போறா. நம்ம வீட்டுல என்ன புதையலா இருக்கு?"

"போன வாரம் கரிமீன் வறுத்தேனே? மறுநாள் லிஃப்ட்ல கேக்கறா: 'குருமிளகு தூக்கலா போயிட்டுதோ சேச்சி? சேட்டன் தண்ணியா குடிச்சிட்டிருந்தாராமே!'"

பைஜு சிரிப்பை அடக்க அளவு நாடாவைச் சுருட்டினார்.

"அக்கறையில கேட்டிருப்பா" என்றார் சதானந்தன்.

"சரி. அப்போ உங்க தலைமுடி?"

சதானந்தனின் கை தானாகத் தலைக்குப் போனது. பாத்ரூமில் வெளிச்சம் போதாதென்று ஹால் ஜன்னல் கொக்கியில் கண்ணாடியை மாட்டிவைத்துத் தலைக்கு மை பூசியவர் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஓணம் கமிட்டிக் கூட்டத்தில், அத்தனை பேர் நடுவில் அம்பிளி கேட்டாள்: "சதானந்தேட்டா, காதுக்குப் பின்னால கொஞ்சம் விட்டுப்போச்சாமே?"

"பைஜு" என்றார் சதானந்தன் கனத்த குரலில், "அந்தத் தடித் துணியையே போடு. முடிஞ்சா ரெண்டு மடிப்பா."

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கையில் ஒரு தட்டு உண்ணியப்பத்தோடு நின்றவள் அம்பிளியேதான்.

"கர்ட்டன் போடறீங்களாமே? இந்த ஜன்னலுக்குமா?" அவள் முகம் வாடிவிட்டது. துணியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, இது வேண்டாம் சேச்சி. மழைக்குப் பூஞ்சை பிடிக்கும். தூசி அடையும். மெல்லிசா போடுங்க, வீடு லட்சணமா இருக்கும்."

"எனக்கு லட்சணம் வேண்டாம் அம்பிளி."

"என்கிட்ட புது வலைத்துணி இருக்கு. சும்மாவே தர்றேன், தைச்சும் தர்றேன்!"

ஷைலஜா கணவரைப் பார்த்தாள். கணவர் பைஜுவைப் பார்த்தார். பைஜு உண்ணியப்பத்தைப் பார்த்தார்.

"இது வழியா கொஞ்சமாவது தெரியுமா?" என்று அம்பிளி அவரிடம் கேட்டாள்.

"சூரியனே வந்து தட்டினாலும் உள்ளே விடாது" என்றார் பைஜு பெருமையாக.

அம்பிளி தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"எவ்வளவு தைரியம் பாருங்க!" என்றாள் ஷைலஜா. "வேவு பார்க்க அவளே துணி தைச்சுக் கொடுப்பாளாம்!"

சனிக்கிழமை கம்பி அடித்து, வளையம் கோத்து, கர்ட்டன் ஏறியது. இழுத்து மூடியதும் வீடே கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருந்தது. ஆனால் என்ன சுகம்! ஷைலஜா மத்தி மீனை வறுத்துக் கையாலேயே சட்டியிலிருந்து எடுத்துத் தின்றாள். சதானந்தன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரேடியோப் பாட்டுக்கு ஆடினார். இருவரும் கைநீட்டி, கால் உதைத்து, மனசார ஒரு சண்டையும் போட்டார்கள். வெளியே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் வாசல் மணி அடித்தது. அம்பிளி. தலை கலைந்திருந்தது, கண்கள் வீங்கியிருந்தன. இந்த முறை தட்டு எதுவும் இல்லை.

"சேச்சி, உங்க காலைப் பிடிக்கறேன். தினம் ஒரு மணி நேரமாவது அந்தக் கர்ட்டனைத் திறந்து வைங்க."

ஷைலஜா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். இந்த நிமிடத்துக்காகத்தானே காத்திருந்தாள்!

"வாய் கூசாம கேக்கறியே! எங்க வீட்டை எட்டிப் பார்க்காம உனக்குச் சோறு இறங்கலையா?"

"நானா?" அம்பிளிக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்கு ஏது சேச்சி நேரம்? முட்டிவலியில வெளியே இறங்க முடியாம, அந்த ஜன்னல்கிட்டயே உட்கார்ந்து நாலு மாசமா உங்க வீட்டைப் பார்த்துக் குறை சொல்லிக்கிட்டிருந்தது என் மாமியார். நீங்க கர்ட்டன் போட்ட அன்னிக்கே, அவங்க நாற்காலியை என் சமையல்கட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டுட்டாங்க!"