நகம் மட்டும் வேண்டாம்

"நகத்த மட்டும் வெட்டிறாதீங்க தங்கச்சி."

மேசை மேல் நின்ற நாயின் முன்னங்காலைக் கையில் பிடித்திருந்த நிலக்ஷி நிமிர்ந்து பார்த்தாள்.

"பிஞ்சி தொங்குதுண்ணே. வெட்டாம வேற என்னா செய்ய?"

"தொங்குறத எடுங்க. மத்தது இருக்கட்டும். அதுக்கு நகம் வேணும்."

நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கடை. நாய், பூனைகளைக் குளிப்பாட்டி, முடி திருத்தி, நகம் வெட்டி அனுப்புவது நிலக்ஷியின் தொழில். கொழும்பில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவள். அவளிடம் வருவதெல்லாம் பங்களா நாய்களும் ஹோட்டல்காரர்களின் பூனைகளும்தான். இன்று கடையைத் திறக்க வந்தபோது இந்த மனிதர் படியில் உட்கார்ந்திருந்தார். பெயர் அழகுமுத்து. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில், நாயை உரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஊர் நாய்தான். ஆனால் ஏதோ ஒரு பங்களா நாயின் நீள முடி அதற்கு வாய்த்திருந்தது. அந்த முடியெல்லாம் செம்மண் காய்ந்து சடை பிடித்துக் கிடந்தது. மூக்குத் துவாரங்களில் களிமண் அடைத்திருந்தது. நான்கு பாதங்களிலும் தோல் கிழிந்து சதை தெரிந்தது.

வெந்நீரை ஊற்றிச் சடையை நனைத்துவிட்டு நிலக்ஷி ஷாம்பூ போத்தலை எடுத்தாள்.

"அது வாசமானதுங்களா?" என்றார் அழகுமுத்து.

"ரோஜா வாசம். எல்லாத்துக்கும் இதத்தான் போடுறோம்."

"வேணாங்க. வெறும் சுடுதண்ணி போதும். மூக்குல இருக்க மண்ண நல்லா எடுத்து விடுங்க. கண்ணு மேல விழுற முடிய வெட்டி விடுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

பஞ்சை நனைத்து அவள் மூக்கைத் துடைத்தபோது நாய் முரண்டு பிடிக்கவில்லை. அதன் பார்வை முழுக்க கதவின் மேலேயே இருந்தது. ஒருமுறை மேசையிலிருந்து குதிக்கப் பார்த்தது.

"இரு ரோஸி. போலாம், இரு," என்று அழகுமுத்து அதைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நிலக்ஷி அவருடைய கைகளைப் பார்த்தாள். விரல் நகங்கள் உடைந்திருந்தன. இடுக்குகளில் அதே செம்மண். அந்தப் பக்கத்தில் திருட்டுத்தனமாக மாணிக்கம் தோண்டுகிறவர்கள் உண்டு. முள்ளம்பன்றி வளைக்குள் நாயை விட்டு வேட்டையாடுகிறவர்களும் உண்டு. அவர் போட்டிருந்த சட்டை புத்தம் புதியது; மடிப்புக்கூடக் கலையவில்லை. நல்ல வரும்படி போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைக்க நினைக்கக் கோபம் வந்தது.

"வேட்டைக்குப் போறீங்களாண்ணே?"

"இல்லீங்க."

"அப்ப மாணிக்கம் தோண்டுறீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"பின்ன இது எதத்தான் இப்படித் தோண்டுது?"

"மண்ணத்தான்," என்றார் அவர். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நிலக்ஷி கிழிந்த பாதங்களைக் கழுவி மருந்து பூசினாள். நாயின் உடம்பு நடுங்கியது. ஒரு சத்தமும் வரவில்லை.

"கேளுங்க. ரெண்டு கிழமைக்கு இத வெளிய விடக் கூடாது. மிருக டொக்டர்கிட்டயும் காட்டணும்."

"அவ்வளவு நாள் ஆகாதுங்க. நாளைக்குக் காலையில வேலை இருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "காலுக்கு உறை மாதிரி ஏதாச்சும் சுத்தி விட முடியுங்களா? நகம் மட்டும் வெளிய தெரியுற மாதிரி?"

மிருகங்களை வதைக்கிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை பணிவாக வந்து கேட்கிற ஒருவரை இதுவரை பார்த்ததில்லை.

"தோட்டத்துல யாரும் உங்கள ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்குறாங்க. விட்டுரு, விட்டுருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. தோட்டத் தலைவரும் சொல்லிப் பாத்துட்டாரு."

"அவுங்களுக்காவது இரக்கம் இருக்கே. இத யாரு வளத்தது? நீங்களா?"

"எம் மகதாங்க. குட்டியில ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள கெடந்துச்சி. ஸ்கூல் விட்டு வரும்போது தூக்கிக்கிட்டு வந்தா. அவதான் ரோஸின்னு பேரு வச்சா."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா, நீங்க இதப் போட்டு இப்படி வதைக்கிறது?"

அழகுமுத்து நாயின் ஈரக் காதைத் தடவிக்கொண்டே நின்றார்.

நிலக்ஷிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பெரிய துவாயை எடுத்து நாயைச் சுற்றித் தன் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நான் இத உங்ககிட்ட தர மாட்டேன். குடுத்தா நாளைக்கே கொன்னுருவீங்க. உங்க மகள வரச் சொல்லுங்க. அவ கையிலதான் குடுப்பேன்."

அழகுமுத்து அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அவர் குரல் உயரவேயில்லை.

"மலை சரிஞ்சி எங்க லயத்து வீட்டையெல்லாம் மூடி இன்னைக்கோட பதினேழு நாளு தங்கச்சி," என்றார். "எம் மக இன்னும் உள்ளதான் இருக்கா. மெசினையெல்லாம் நேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இனிமே அவளத் தேடுறதுக்கு நானும் ரோஸியுந்தான் மிச்சம்."