ஆறு எஞ்சின்களின் சத்தம்

"இன்னும் மூடித்தான் இருக்கிறது," என்றாள் மரினா.

படத்தின் இயக்குநர் அவள்தான். இம்முறை முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

கௌசி ஒலிக்கலவைப் பலகையிலிருந்து கையை எடுத்தாள். மத்தியானத்திலிருந்து அதே குறைதான். மூடியிருக்கிறது. அடைத்திருக்கிறது. போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கிறது.

லண்டன் சோஹோவில் படங்களுக்கு ஒலி சேர்ப்பவர்களில் கௌசிக்கு நல்ல பெயர். தகரத்தில் விழும் மழையையும் இலையில் விழும் மழையையும் அவளிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்குவார்கள். இப்படி ஒரு சத்தத்தோடு அவள் இதுவரை மல்லுக்கட்டியதில்லை.

திரையில் கிகாண்ட் மறுபடியும் ஓடுபாதையின் தொடக்கத்தில் வந்து நின்றது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிய ராட்சதச் சரக்கு விமானம். முதலில் அதை எஞ்சினே இல்லாமல்தான் செய்தார்கள். மரம், துணி, இரும்புக் குழாய். மூன்று சண்டை விமானங்கள் கயிறு கட்டி இழுத்தால்தான் மேலே எழும்பும். இழுப்பதில் ஒன்று தடுமாறினாலும் மற்ற எல்லாவற்றுக்கும் ஆபத்து. கடைசியில், பிடித்து வைத்திருந்த பிரான்சிலிருந்து எஞ்சின்களை எடுத்து வந்து, இறக்கையில் ஆறைப் பூட்டினார்கள்.

மரினாவின் படம் அந்தக் கதைதான். ஆறும் சேர்ந்து முதல்முறையாக உறுமுகிற இடம்தான் படத்தின் உச்சம்.

போர்க்காலத்தில் எடுத்த அந்தப் பழைய காட்சியில் சத்தம் இல்லை. விமானமும் இன்று ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. சத்தத்தைக் கௌசிதான் உண்டாக்க வேண்டும்.

உண்டாக்கினாள். கண்காட்சிகளில் பறக்கிற பழைய விமானங்களின் எஞ்சின்களைப் பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆறும் ஒன்றாகிவிடாமல் ஒவ்வொன்றையும் மயிரிழை பிசகவிட்டாள். இறக்கைத் துணி படபடப்பதற்காகக் கூடாரச் சீலையை உதறி உதறித் தோள்பட்டை நொந்தது.

"நான் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும், கௌசி. நீ என்னை எங்கேயோ கீழே இறக்கி மூடி வைக்கிறாய்."

மரினா மரியாதையாகத்தான் சொன்னாள். நாளைக்குள் சத்தம் சரியாக வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் அதே மரியாதையோடு சொல்லிவிட்டு, காபி வாங்கக் கீழே போனாள்.

கௌசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தாள். கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். மைக்கைத் திட்டினாள்.

மூடுவது தன் கைதான் என்று அவளுக்கே தெரியும். பலகையில், கூர்மையான ஒலிகளை மழுக்குகிற குமிழ் ஒன்று உண்டு. எஞ்சின்கள் உறுமத் தொடங்கியதும் விரல் தன்பாட்டில் அதற்குப் போய்விடுகிறது. திறந்துவிட்டால் சத்தம் பொய்யாகப் படுகிறது. மூடினால்தான் விமானம்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எரிச்சலெல்லாம் அதில்தான்.

ரெய்னர்ஸ் லேனில் கடை வைத்திருக்கும் அண்ணன் சுஜீத்துக்கு அந்தச் சத்தத்தின் துணுக்கை வாட்ஸப்பில் அனுப்பினாள். வேறொன்றுக்குமில்லை. யாராவது ஒருவர் நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

அவன் உடனே போன் செய்தான்.

"உது சகடையெல்லோ! எங்கை பிடிச்சனீ?"

யாழ்ப்பாணத்தில், போரின்போது, இலங்கை விமானப்படை சரக்கு விமானத்தின் கதவைத் திறந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் சகடை. கௌசிக்கு அது வெறும் பெயராகத்தான் தெரியும்.

"இது ஜெர்மன்காரன்ரை, அண்ணை. நான் செய்தது. மூடிக் கிடக்குது எண்டு டைரக்டர் மனிசி ஏசுது."

கடைச் சத்தத்துக்கு மேலே அண்ணன் குரலை உயர்த்தினான்.

"மூடித்தானே கிடக்கும். உனக்கு அப்ப நாலு வயசு. பங்கருக்குள்ளை அம்மா உன்ரை ரெண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு இருப்பா. அது போய் முடியுமட்டும் கை எடுக்கமாட்டா. என்ரை காதை நான்தான் பொத்தினனான்."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வாறன், வாறன்," என்றபடி வைத்துவிட்டான்.

மரினா இரண்டு காபிகளோடு திரும்பி வந்தாள். கௌசி காட்சியை முதலிலிருந்து ஓடவிட்டாள். எஞ்சின்கள் தொடங்கின. விரல் குமிழுக்குப் போனது. அவள் அதைப் பிடித்து, மறுபக்கமாகக் கடைசிவரை திருகினாள்.

ஆறும் அறைக்குள் வந்தன.

கண்ணாடி அதிர்ந்தது. பல் கூசியது. கீழே உறுமல், அதற்கு மேலே, தகரத்தைக் கிழிப்பது போல ஒரு கீச்சல், நிற்காமல். கௌசியின் கழுத்து தோள்களுக்குள் இறங்கியது.

"இதுதான்!" மரினா கத்தினாள். காபி அவள் சட்டையில் சிந்தியது. "இதுதான் கௌசி, இதுதான்!"

கிகாண்ட் தரையை விட்டு எழும்பி, திரையின் விளிம்பைத் தாண்டிப் போனது. கௌசி சத்தத்தை நிறுத்தவில்லை.

சகடையினுடையது அப்படியொன்றும் பெரிய சத்தமில்லை என்று அம்மா சொல்லுவார். கௌசி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சொன்னார்; இரண்டு வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார்.

அம்மாவுக்கு இருந்தது இரண்டே கைகள்.