காட்டில் ஒரு புதுக் குரல்

பூச்சியைக் கண்டால் விளக்குமாற்றைத் தூக்கிய காலம் போய், இப்போது மழையில் நனைந்துகொண்டு அதைத் தேடி அலைகிறார்கள் என்று பெரியவர் முணுமுணுத்தார். பூச்சி ஆராய்ச்சிக்கு ஆள் போதவில்லை என்று மருமகள்தான் அவரைத் தன்னார்வலராகக் காட்டுக்கு இழுத்து வந்திருந்தாள்.

"மாமா, அசையாதீங்க! அதே கீச்சுக் குரல். மூணு நாளா நம்ம கூடவே வருது. புதுப் பூச்சின்னு புரொபசர்கிட்ட சொல்லிட்டேன், இன்னைக்குப் பிடிச்சாகணும். உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்."

"பேரனுக்கு வைக்காத பேரைப் பூச்சிக்கு வைக்கிறியா?"

மழை வலுத்தது. பெரியவர் தன் காது மெஷினைக் கழற்றி, அணைத்து, சட்டைப்பையில் போட்டார். கீச்சுக் குரல் சட்டென்று நின்றது.

மருமகள் அவர் பையிலிருந்து மெஷினை எடுத்து, மறுபடி ஆன் செய்து, அவர் காதில் மாட்டினாள். கீச்!

"போச்சு! இவ்வளவு நாளும் கத்தினது இதுதான் மாமா!"

"மெஷின் கத்தினா முதல்ல எனக்கில்ல கேக்கணும்? போம்மா, போய்ப் பூச்சியைத் தேடு" என்று சொல்லிவிட்டு, அவர் கூடாரத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்.