ஒருத்தருக்கு ஒண்ணுதான்

பஞ்சு தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் மூக்குக்கண்ணாடிக்காரர் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்தான்.

"என்ன தம்பி, மூஞ்சிய மறைக்கிய? ஏற்கெனவே ஒண்ண வாங்கிட்டு, ரெண்டாந்தடவ வந்து நிக்கியளோ?" என்றார் பின்னால் நின்ற பிச்சையா.

"அதெல்லாம் இல்லே. வெயில் தாங்கலே."

பிச்சையா அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் அரசமரம் குடை பிடித்த மாதிரி நின்றது. சந்தேகத்தோடு ஓர் அடி நெருங்கி நின்றுகொண்டார்.

மாட்டுங்கா சன்ரைஸ் கிளப்பில் அன்றைக்கு டெஸ்ட் மேட்ச் டிக்கெட் விற்பனை. ஆஸ்திரேலியாக்காரர்கள் பம்பாய்க்கு ஆட வருகிறார்கள் என்றதும் ஊரே கிறுகிறுத்துப் போயிருந்தது. பொதுஜனங்களுக்கு விற்கச் சொல்லி அந்தக் கிளப்புக்கும் கொஞ்சம் டிக்கெட் ஒதுக்கியிருந்தார்கள். வரிசை தெருமுனை திரும்பி மார்க்கெட்டைத் தொட்டுவிட்டது.

பிச்சையா தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்ப்பவர். சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டால் சேட் வேலையை விட்டே நிறுத்திவிடுவான் என்று தெரிந்தும் வந்திருந்தார்.

"சந்துக்குள்ள ரப்பர் பந்து ஆடுனதோட சரி, தம்பி. ஒரு நாளாவது பெரிய ஆட்டத்த இந்தக் கண்ணால பாத்துறணும்" என்றார்.

அப்போது கிளப்பின் பக்கவாட்டுக் கதவருகே ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை யூனிபார்ம் போட்ட டிரைவர் வெறுங்கையோடு உள்ளே போனான். வெளியே வரும்போது கையிலே தடிமனான ஒரு கவர். இது முதல் காரும் இல்லை.

"பாத்தியளா? நாம இங்க கால் கடுக்க நிக்கோம், அங்க கட்டுக்கட்டா போவுது" என்று பல்லைக் கடித்தார் பிச்சையா. "எல்லாம் உள்ள இருக்காம்லா, அந்தக் கண்ணாடிக்காரன், அவன் வேல."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லே!"

பஞ்சு சொன்ன வேகத்தில் முன்னால் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியறதே" என்று முனகிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான் பஞ்சு.

வரிசை நத்தையாய் நகர்ந்தது. யாரோ இரண்டு டிக்கெட் கேட்டுக் கெஞ்சினார்கள், யாரோ மிரட்டினார்கள். உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வந்துகொண்டிருந்தது. "ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

ஒரு வழியாகப் பஞ்சுவின் முறை வந்தது. குனிந்த தலை நிமிராமல் கம்பிக்குள் கையை நீட்டினான். "ஒண்ணு குடுங்கோ."

குரலைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் விருட்டென்று நிமிர்ந்தார். தொப்பிக்குக் கீழே தெரிந்த முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குச் செய்த மாதிரியே டிக்கெட்டைக் கிழித்தார். மேஜைமேல் வேறு டிக்கெட் இல்லை.

"இதுதான் கடைசி" என்று நீட்டினார்.

பஞ்சுவின் விரல் டிக்கெட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. அதற்குள் பின்னாலிருந்து வந்த கிளப் செகரெட்டரி, காலண்டர் தாளைக் கிழிக்கிற மாதிரி அதைச் சாவதானமாக உருவிக்கொண்டார். கமிட்டி மெம்பரின் விருந்தாளிக்கு ஒன்று குறைகிறதாம்.

கண்ணாடிக்காரர் பதறி எழுந்தார். வரிசையில் நிற்பவனுக்குக் கொடுத்தாகிவிட்டது, இது நியாயமில்லை என்று இங்கிலீஷில் ஏதோ சொல்லப் பார்த்தார். செகரெட்டரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பஸ், பந்த் கரோ" என்று ஜன்னலை மூடச் சொல்லிக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

டிக்கெட் தீர்ந்துபோன செய்தி நொடியில் வரிசை முழுக்கப் பரவியது. கூச்சல் கிளம்பியது. எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து சுவரில் மோதி விழுந்தது. பிச்சையா பஞ்சுவை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் பாய்ந்து, கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார்.

"நீரெல்லாம் மனுசனாவே? கையில குடுத்தத பிடுங்கிட்டுப் போறான், பாத்துக்கிட்டு நிக்கீரே! ஒம்ம வீட்டுப் பிள்ள மட்டும் உள்ள சாஞ்சி உக்காந்து பாக்கும், ஊரான் பிள்ள தெருவுல நிக்கணும், அப்படித்தான?"

கண்ணாடிக்காரருக்கு ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தக்கூடக் கை எழவில்லை.

பஞ்சு தொப்பியைக் கழற்றினான். பிச்சையாவின் தோளுக்குப் பக்கத்தில் முகத்தை நுழைத்து, கம்பியருகே குனிந்து மெல்லச் சொன்னான்:

"விடுங்கோ அப்பா, நான் ரேடியோவிலே கேட்டுக்கறேன்."