அவன் சொன்னான்

"அந்தச் சட்டையைப் போட்டுக்கோ தம்பி. என் பையனோடதுதான். உனக்குச் சரியா இருக்கும்."

மழையில் நனைந்து வந்த வெல்டர் வாசலிலேயே தயங்கி நின்றான். நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைச் சட்டை தேய்த்து, பொத்தான் திறந்து, தயாராகத் தொங்கியது. மழை பிடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சட்டையோ எப்போதோ எடுத்து வைத்ததுபோல் இருந்தது.

"பரவாயில்லைங்க ஐயா. துணி தானா காஞ்சிடும்."

"போட்டுக்கோ."

போட்டுக்கொண்டான். தோளும் கையும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. அதுவே அவனுக்கு என்னவோ செய்தது. சட்டையைத் தந்த பெரியவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

ஒரு மாதத்துக்கு முன்னால், ஒரு தொழிற்சாலையில் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் ஒரு நாள் வேலைக்கு இறங்கியவன் அவன். உள்ளே விஷவாயு. இறங்கிய சில நிமிடங்களில் சுருண்டு விழுந்தான். கண் விழித்தபோது மருத்துவமனை. மூன்று நாள் ஓடியிருந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவனைத் தூக்க இறங்கிய ஓர் இளைஞன், அந்தக் கயிற்றை அவிழ்த்து அவனுக்குக் கட்டி அனுப்பிவிட்டு உள்ளேயே இறந்துபோனான் என்று அங்கேதான் சொன்னார்கள். அந்த முகத்தைக்கூட இவன் பார்த்ததில்லை.

நேற்று, இறந்தவனின் அப்பாவிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. 'ஞாயிறு மத்தியானம் சாப்பிட வா. தனியாக வா.'

"அங்க இல்ல, இந்த நாற்காலியில உட்காரு. இது அவன் உட்கார்ற இடம்."

'உட்கார்ந்த' என்று அவர் சொல்லவில்லை. சுவரில் ஒரு மரச் சிலுவை. வேறு படமில்லை, செத்தவனின் படம்கூட இல்லை. பெரியவர் நீளமான கத்தியால் ரொட்டியை மெதுவாக அறுத்தார். கண் மட்டும் அவன் மேலேயே இருந்தது.

"அவன் உன்னைப் பத்திச் சொன்னான்."

"யாருங்க?"

"என் பையன்."

"அவரை எனக்குத் தெரியாதுங்களே ஐயா. அவர் இறங்கினப்போ எனக்கு நினைவே இல்ல."

"உனக்கு அவனைத் தெரியாது. அவனுக்கு உன்னைத் தெரியும்."

துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தான். ஓடிவிடலாமா? கதவுக்கும் அவனுக்கும் நடுவில் அந்தக் கத்தி இருந்தது.

பெரியவர் கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவன் முன்னால் நகர்த்தினார். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"நீங்க சாப்பிடலையா?"

"முதல்ல நீ சாப்பிடு."

கரண்டியில் சூப்பை அள்ளி முகர்ந்து பார்த்தான். விஷமாகவே இருந்தாலும் குடிக்க வேண்டியவன்தானே என்று தோன்றியது. கரண்டியைக் கீழே வைத்தான். ஒரு மாதமாக உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது வெளியே வந்தது.

"ஐயா, இறங்குறதுக்கு முன்னாடி உள்ள வாயு இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்க்கணும். நான் பார்க்கல. வேலையைச் சீக்கிரம் முடிச்சுட்டுப் போற அவசரம். பார்த்துட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு இறங்கிட்டேன். உங்க பிள்ளையைக் கொன்னது நான்தான்."

பெரியவர் ரொட்டியில் அடுத்த துண்டை அறுத்தார்.

"தெரியும். அவன் சொன்னான்."

வெளியே மழை ஓய்ந்துவிட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்கு விசாரணை அதிகாரிகிட்ட நீயே போய் இதைச் சொல்லு. நானும் கூட வர்றேன். ஆனா அதுக்காக உன்னைக் கூப்பிடல." பெரியவர் சிலுவையைப் பார்த்தார். "நாற்பது வருஷமா கோயிலுக்குப் போறேன் தம்பி. கடவுள் தன் ஒரே மகனைக் கொடுத்தார்னு வாய் வலிக்கப் பாடியிருக்கேன். மகன் பட்ட பாட்டை நினைச்சு அழுதிருக்கேன். கொடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்னு ஒரு நாளும் நினைச்சதில்ல. யாருக்காகக் கொடுத்தாரோ அவன் முகத்தைப் பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை இருக்கும்னும் நினைச்சதில்ல. அதான் கூப்பிட்டேன். அந்தச் சட்டை போன வாரத்துலேர்ந்து அங்கதான் தொங்குது."

வெல்டருக்குப் பாதிதான் புரிந்தது. பயம் போகவில்லை.

"ஐயா, உங்க பிள்ளை அந்தத் தொட்டிக்குள்ளயே போயிட்டாரு. உங்ககிட்ட எப்போ சொன்னாரு?"

பெரியவர் கத்தியை வைத்துவிட்டு, ரொட்டித் துண்டு ஒன்றை அவன் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தார்.

"நானும் அவனும் அந்தத் தொழிற்சாலையிலதான் வேலை. கயிறை உனக்குக் கட்டிட்டுக் கீழேருந்து கத்தினான். 'மீட்டர் உறையிலேயே இருக்கு. பாவம், மேல வந்ததும் திட்டாதீங்க, இழுங்க'ன்னான். நீ பாதி தூரம் வந்தப்போ 'அப்பா'ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். உன்னை மறுபடி இறக்கியிருந்தா அவன் கயிறைப் பிடிச்சிருப்பான்." அவர் குரல் முதல் முறையாக உடைந்தது. "நான் நிறுத்தாம இழுத்தேன் தம்பி."