சுருங்காத பதிவு

“ஒரே டெஸ்ட். இந்த கம்ப்ரஷன் செட்டிங்ல பாஸ், அந்த செட்டிங்ல பெயில். இதுக்குப் பேரு டெஸ்ட்டா, கிளி ஜோசியமா?”

காளிராஜ் கத்தினார். எதிரே விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் முத்துக்கிருஷ்ணன் உட்கார்ந்திருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே கத்தினார்.

டெஸ்ட்டை எழுதிய கீர்த்திகா நின்றுகொண்டிருந்தாள்.

பட்டாசுக் கம்பெனிகளின் தினசரிப் பாதுகாப்புப் பதிவுகளைச் சேமிக்கும் சாப்ட்வேர் காளிராஜுடையது. நாளை அதன் புது வெர்ஷனை விஸ்வநத்தத்தில் ஏற்றியாக வேண்டும். டெஸ்ட் பாஸாகாமல் ஏற்ற முடியாது.

“பெரிய பதிவு வந்தா டேட்டாபேஸ் அதை கம்ப்ரஸ் பண்ணிச் சுருக்கிப் பார்க்கும் சார். அப்பவும் பெரிசா இருந்தா தனி இடத்துல வைக்கும். வைக்குதானு பார்க்கத்தான் இந்த டெஸ்ட். விஸ்வநத்தத்தோட ஒரு வருசப் பதிவைக் குடுத்தேன். பழைய செட்டிங்ல தனி இடத்துக்குப் போச்சு. புது செட்டிங்ல ரொம்பச் சின்னதாயிட்டதால போகலை. அதான் பெயில்.”

முத்துக்கிருஷ்ணன் காபி டம்ளரை நங்கென்று வைத்தார்.

“சின்னதாயிருச்சா? ஏம்மா, தினம் காலைல வெயிலேறுமுன்ன ரூம் ரூமாப் போய்ப் பார்த்து எழுதுனது. முழுங்கிட்டு, சின்னதாயிருச்சுங்கியே!”

“ஒரு எழுத்துகூடப் போகலை சார். விரிச்சா அப்படியே வரும்.”

“போகலைன்னா எப்படிச் சின்னதாகும்?”

அவர் காளிராஜ் பக்கம் திரும்பினார்.

“தம்பி, மார்ச் பன்னெண்டாம் தேதி எங்க ஏழாம் நம்பர் ரூம் வெடிச்சுத் தரைமட்டமாச்சு. மூணு பொம்பளைக செத்துட்டாக. அந்தப் பாண்டிலட்சுமி மருந்துத் தட்டைத் தரையோட இழுத்திருக்கா, அம்புட்டுதான். பழி எங்க தலையில. விசாரணையில நாங்க நீட்டப்போறது இந்த ஒரு பதிவுதான். இதுல கை வச்சீகன்னா, சிவகாசியில ஒரு கம்பெனி உங்களுக்கு ஆர்டர் தராது.”

“அண்ணாச்சி, கோவப்படாதீக…” காளிராஜின் முகம் சிவந்துவிட்டது. “கீர்த்திகா, இன்னைக்குள்ள இது முடியலைன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்.”

“முடிச்சுட்டேன் சார். தப்பு டெஸ்ட்டுலதான். எம்புட்டுச் சுருங்கும்னு தெரியாத பதிவை வச்சு டெஸ்ட் எழுதியிருக்கக் கூடாது. எந்த செட்டிங்லயும் பெரிசாச் சுருங்காத பதிவு வேணும். ஆமத்தூர்ப் பட்டாசு யூனிட்டுதைப் போட்டேன். ரெண்டுலயும் பாஸ்.”

“ஆமத்தூரா?” முத்துக்கிருஷ்ணன் சிரித்தார். “தங்கத்தாய் எழுதுறதா? அதெல்லாம் ஒரு போர்மேன்! எட்டாங் கிளாஸு. அது எழுதுறதை அதுவே திருப்பிப் படிக்க முடியாது.”

காளிராஜ் ஆமத்தூர்ப் பதிவு இருந்த திரையை எட்டிப் பார்த்தார்.

‘காத்து மாறி அடிக்கி. பத்து மணிக்கே மருந்து கலக்குறத நிப்பாட்டியாச்சு.’

‘முத்துமாரி மெட்டியோட வந்துட்டா. பொறி பறக்கும்னேன். களட்ட மாட்டேன்னா. வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஏசிட்டுப் போறா.’

‘நாலாம் ரூம் தரை ரப்பர் சீட்டு கிளிசல். இதோட மூணு தடவ சொல்லியாச்சு. மொதலாளி இன்னும் வாங்கித் தரல.’

“மொதலாளியவே எழுதி வச்சிருக்கு பாருங்க! வேலை பாக்குற லட்சணமா இது? எங்களுதைப் பாருங்க. அச்சடிச்ச மாதிரி இருக்கும்,” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

காளிராஜ் இரண்டு பதிவுகளையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“ரெண்டுமே ஒரு வருசப் பதிவு. அளவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இது சுருங்கலை. அது மட்டும் ஏன் அப்படிச் சுருங்குது?”

“சுருக்குறதுன்னா, திரும்பத் திரும்ப வர்றதை ஒரு தடவை மட்டும் வச்சுக்கிடும் சார். மத்த இடத்துல எல்லாம் ‘முந்தி சொன்னதேதான்’னு குறிச்சுக்கிடும்.”



“ஒழுங்கா நடக்குற கம்பெனியில தினமும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்!” முத்துக்கிருஷ்ணனின் குரல் உயர்ந்தது. “எனக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். புது செட்டிங்ல சுருக்கு, விரி, மொத்தத்தையும் பிரிண்ட் எடு. ஒரு எழுத்து விடுபடலை, ஒரு எழுத்து மாறலைன்னு உங்க லெட்டர்பேடுல எழுதி, சீல் வச்சுக் குடுங்க. அப்படியே விசாரணைக்கு அனுப்புறேன். ஏதாச்சும் விட்டுப்போயிருந்துச்சுன்னா, இந்தப் பிள்ளை மேலதான் கேஸு.”

“குடு கீர்த்திகா. அண்ணாச்சி கேட்டபடியே குடு.”

பிரிண்டர் வெகுநேரம் ஓடியது. முத்துக்கிருஷ்ணன் இரண்டாவது காபியும் குடித்து முடித்தார். ஊரில் யாருக்கும் பொறுப்பு என்பதே இல்லாமல் போய்விட்டது என்றார்.

கீர்த்திகா தாள் கட்டைக் கொண்டுவந்தாள். ஒரு தாளை மட்டும் உருவி மேலே வைத்து, காளிராஜின் முன் நகர்த்தினாள்.

“மூலத்தோட ஒப்பிட்டுட்டேன் சார். ஒரு எழுத்து விடுபடலை. கையெழுத்துப் போடுங்க.”

காளிராஜ் பேனாவைத் திறந்தார். மேலே இருந்த தாளைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தாளை முத்துக்கிருஷ்ணன் பக்கம் திருப்பி வைத்தார்.

‘மார்ச் 13. காலை 8.30. அறை எண் 7. தரை நனைக்கப்பட்டது. பணியில் நால்வர். குறை ஏதுமில்லை. நேரில் பார்த்துச் சரிபார்த்தவர்: முத்துக்கிருஷ்ணன், மேனேஜர்.’